ரத்னாபாய் மிதந்த காலை

கல்யாணம் முடிந்த மறுமாதம் மாப்பிள்ளை வேதமாணிக்கத்தின் அக்கா தங்கைகள் குடும்பத்தோடு வேன் பிடித்துக் கோவளம் போனபோது புதுப்பெண் ரத்னாபாயையும் கூட்டிப்போனார்கள். மணலில் கால் வைத்ததும் ஒரு நாத்தனார், "அண்ணி, இந்தச் செருப்ப ஒண்ணு பாத்துக்கிடுங்க" என்று கழற்றி வைத்துவிட்டு ஓடினாள். அடுத்தவள் வாட்சைத் தந்தாள். மாமியார் பர்ஸைத் தந்தாள். யாரோ ஒரு பால்புட்டியைக் கொண்டுவந்து மடியில் போட்டார்கள். பொழுது சாயும்வரை பட்டுச்சேலையோடு அந்தக் குவியலின் நடுவில் உட்கார்ந்திருந்தாள் ரத்னாபாய். அதற்குப் பிறகு எந்தக் கடற்கரைக்குப் போனாலும் சாமான்கள் தாமாகவே அவளிடம் வந்து சேர்ந்தன. சர்ச் பெண்கள் சங்கத்தோடு கன்னியாகுமரி போனபோதும் அப்படித்தான். அவளும் மறுத்ததில்லை. அங்கன்வாடியில் இருபத்தாறு வருஷமாக அடுத்தவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு செருப்புகளைப் பார்த்துக்கொள்வது ஒரு பெரிய காரியமா?

எனவே மகன் ஷிபின், "முப்பதாவது கல்யாண நாளுக்கு நாலு பேருமா கடற்கரை வழியே வர்க்கலை தாண்டி காப்பில் வரைக்கும் போறோம். மூணு நாள். எல்லாம் புக் பண்ணியாச்சு" என்று போனில் சொன்னபோது, பரணிலிருந்து பெரிய பையை இறக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை பாறசாலையிலிருந்து கிளம்பினார்கள். ஷிபின் வண்டி ஓட்டினான். பக்கத்தில் வேதமாணிக்கம். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். அடுத்தவன் ஓட்டும் வண்டியில் அவரால் நிம்மதியாக உட்கார முடியாது. பூவாறு தாண்டுவதற்குள் இல்லாத பிரேக்கைப் பத்து தடவை மிதித்துவிட்டார்.

"ஏலே, பையப் போ. முன்னால வளவு இரிக்கு."

"தெரியும்பா."

"தெரிஞ்சா ஹாரன் அடிக்கணும்."

"நீங்க சும்மா இரிங்க. வண்டி ஓட்டுகது அவன்" என்றாள் ரத்னாபாய் பின்சீட்டிலிருந்து. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். விழிஞ்ஞத்தில் மறுபடியும் தொடங்கினார்.

ரத்னாபாயின் பக்கத்தில் மருமகள் ஷில்பா ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கொல்லத்துக்காரி, மலையாளி. ஷிபினோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவள். கல்யாணமாகி எட்டு மாதம். இருவரும் கழக்கூட்டத்தில் பிளாட் எடுத்து இருக்கிறார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பாறசாலைக்கு வருவார்கள். வந்தால் ஷில்பா வைத்ததைச் சாப்பிடுவாள், தன் தட்டைத் தானே கழுவுவாள், "நல்லா இருந்தது அம்மா" என்பாள். குறை என்று ஒன்றும் சொல்வதற்கில்லை. "ஆனா விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரியே இரிக்கா" என்று ரத்னாபாய் ஒருநாள் கணவனிடம் சொன்னாள். அவர், "நீயும் விருந்துக்காரியக் கவனிக்கியது மாதிரித்தானே கவனிக்கிய" என்றார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

சங்குமுகத்தில் டீ குடித்தார்கள். பெருமாதுறைப் பாலத்தில் வண்டியை மெதுவாக்கி, உப்பங்கழியான காயல் கடலில் விழுகிற இடத்தைப் பார்த்தார்கள். அஞ்சுதெங்கில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே நிறுத்தியபோது அப்பாவும் மகனும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அலைப்பக்கம் போனார்கள். இரண்டு ஜோடிச் செருப்பும் இரண்டு போனும் ஒரு கேமராப் பையும் ரத்னாபாயிடம் வந்தன. ஷில்பாவும் அவர்களோடு போனாள். பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா இறங்கலையா?"

"சேலை நனையும்."

"மாத்துறதுக்கு வேற இருக்கல்லோ."

"பிறகு இதையெல்லாம் யாரு பாப்பா?"

ஷில்பா சுற்றும் முற்றும் பார்த்தாள். ஒரு நாய் மட்டும் மணலில் குழி பறித்துப் படுத்திருந்தது. "அம்மாவுக்குப் பேடியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இல்லை என்று சொல்லத்தான் ரத்னாபாய் வாயைத் திறந்தாள். "ஆமா" என்று வந்தது. சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷமும் சேலை, பை, கால்வலி என்று எதையாவது சொல்லி வந்திருக்கிறாள். பயமா என்று யாரும் கேட்டதில்லை.

காப்பிலில் அவர்கள் தங்கிய வீடு காயலை ஒட்டி இருந்தது. ரோட்டுக்கு அந்தப்பக்கம் கடல், இந்தப்பக்கம் காயல். வீட்டுக்காரச் சேச்சி ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கரிமீன் பொரித்து வைத்திருந்தாள். வழியெல்லாம் பிரேக் மிதித்த களைப்பில் வேதமாணிக்கம் சாப்பிட்ட கையோடு படுத்துவிட்டார்.

மறுநாள் காலை, கல்யாண நாள், ஆறு மணிக்குக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் ஷில்பா. கையில் ஒரு டிராக் பேண்ட்டும் ஷிபினின் பெரிய டீ-ஷர்ட்டும்.

"காயல்ல அலை கிடையாது அம்மா. இடுப்பளவுதான். நான் நேத்தே இறங்கிப் பார்த்தேன்."

"என்னத்துக்கு?"

"மிதக்குறதுக்கு."

ரத்னாபாய் திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் வேதமாணிக்கம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். எழுப்பிச் சொல்லலாம் என்று நினைத்தாள். சொன்னால் ஆயிரம் கேள்வி வரும். டீ-ஷர்ட்டை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நெஞ்சில் மகனுடைய கம்பெனிப் பெயர் பெரிதாக எழுதியிருந்தது.

தண்ணீர் நினைத்ததைவிட வெதுவெதுப்பாக இருந்தது. காலடியில் மணல். படிக்கட்டிலிருந்து பத்தடி தள்ளிப்போய் ஷில்பா நின்றாள். "கொல்லத்துல ஸ்கூல் படிக்கும்போது நீச்சல்ல மெடல் வாங்கியிருக்கேன். பயப்படண்டா."

"மெடலா? ஷிபின் சொல்லவே இல்லை."

"அவனுக்கு நீந்தத் தெரியாதில்லையா. அதான் சொல்லியிருக்க மாட்டான்."

ரத்னாபாய்க்கு இரண்டாவது தடவை சிரிப்பு வந்தது. ஆனால் மல்லாந்து படுக்கச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. ஷில்பா ஒரு கையைக் கழுத்துக்குக் கீழேயும் ஒரு கையை முதுகுக்குக் கீழேயும் வைத்தாள். ரத்னாபாய் கட்டை மாதிரி விறைத்தாள். கால் முதலில் முங்கியது, பிறகு இடுப்பு, பிறகு முகம். மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறி எரிந்தது. எழுந்து நின்று இருமினாள். இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை அரை மிடறு குடித்தே விட்டாள்.

"மதி, போதும். எனக்கு இது வராது."

"கழுத்துதான் அம்மா. கழுத்தை விட மாட்டேங்கிறீங்க. தலையணைல வைக்கிற மாதிரி என் கையில வைங்க. இன்னும் ஒரே ஒருதடவை. பிறகு போகலாம்."

கடைசித் தடவை என்றுதான் படுத்தாள். காதுக்குள் தண்ணீர் ஏறுகிற நேரம் பயம் வந்து, ஷில்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "விட்டிராத மக்களே" என்றாள்.

தன் பிள்ளையையும் அங்கன்வாடிப் பிள்ளைகளையும் அவள் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவாள். ஷில்பாவை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது ஷில்பாவுக்கும் தெரிந்திருந்தது போலும். கழுத்துக்குக் கீழே இருந்த கையை இன்னும் நன்றாக அணைத்துக் கொடுத்தாள். "விடமாட்டேன்" என்றாள் பிறகு.

காது முழுவதும் தண்ணீருக்குள் போனது. ரோட்டில் போன பைக்கின் சத்தம், காக்கையின் சத்தம், எல்லாம் நின்றுவிட்டன. தன் மூச்சு மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தாள். தென்னை மட்டைகள் தலைகீழாகத் தெரிந்தன. அவற்றுக்கு மேலே வெளிறின நீல வானம், அதில் ஒரு பருந்து. ஐம்பத்தைந்து வயது உடம்பு, இரண்டு முட்டிவலி, எழுபத்தெட்டுக் கிலோ. அதில் எதுவும் அப்போது கனக்கவில்லை. ஷில்பாவின் கையை இறுக்கியிருந்த விரல்கள் எப்போது தளர்ந்தன, எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. ஷில்பாவின் முகம் மேலே வந்தது. அவள் தன் இரண்டு கைகளையும் தூக்கி விரித்துக் காட்டினாள். இரண்டும் தண்ணீருக்கு வெளியே இருந்தன.

ரத்னாபாய் கண்ணை மூடிக்கொண்டாள். அது அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

அந்த நேரத்தில்தான் வேதமாணிக்கம் விழித்து, பக்கத்தில் ஆளைக் காணாமல் வராந்தாவுக்கு வந்தார். காயலில் தன் மனைவி மல்லாந்து, கண்மூடி, அசையாமல் கிடப்பதைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மருமகள் அவர் கண்ணில் படவே இல்லை. லுங்கியோடும் சட்டையோடும் படியில் இறங்கித் தண்ணீருக்குள் சாடினார். "ரெத்னம், ரெத்னம்" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்து, டீ-ஷர்ட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். நன்றாக மிதந்துகொண்டிருந்தவள் அந்த இழுப்பில் முங்கிவிட்டாள்.

எழுந்து தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "நான் மிதந்துகிட்டு கெடந்தேன். முக்கினது நீங்கதான்" என்றாள்.

"மிதந்தியா?"

"ஆமா."

அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவளையும் ஷில்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவளுடைய சட்டையைப் பிடித்த கை இன்னும் விடவில்லை. மலையோரம், கடலோரம் என்று மழையிலும் இருட்டிலும் பஸ் ஓட்டிய கை. ஸ்டியரிங்கைக்கூட அது இவ்வளவு இறுக்கிப் பிடித்து ரத்னாபாய் பார்த்ததில்லை. அவள் அதன்மேல் தன் கையை வைத்தாள். "ஒண்ணுமில்லை. பாருங்க, நிக்கேன்."

"எனக்குச் சொல்லண்டாமா?"

"சொன்னா விட்டிருப்பியளா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்று ஒத்துக்கொண்டார். பிறகு ஏதோ நினைவு வந்து சட்டைப்பையைத் தொட்டார். போனை எடுத்தபோது அதிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஷில்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. வேதமாணிக்கம் முறைத்துப் பார்த்தார். அவருக்கும் தாங்க முடியவில்லை. மூன்று பேரும் காயலில் நின்று சிரித்த சத்தத்தில்தான் ஷிபின் எழுந்து வந்தான்.

அந்தப் போன் பிறகு பிழைக்கவில்லை. ரத்னாபாயின் போன் சார்ஜ் இல்லாமல் பையின் அடியில் கிடந்தது. கல்யாண நாள் என்றால் விடிந்ததிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, போன வருஷம் யார் யாரை விருந்துக்கு அழைக்கவில்லை என்பதுவரை பேசுவார்கள். அன்று வீடு அமைதியாக இருந்தது. பத்து மணிக்கு வேதமாணிக்கத்தின் தங்கை பிரிஸில்லா மட்டும் விடாமல் ஷிபினுடைய நம்பருக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணன் எங்கல மக்கா? அண்ணிக்கும் போன் போகல்லை."

"ரெண்டு பேரும் தண்ணியில கெடக்காங்க அத்தை" என்றான் அவன். நிஜமாகவே அப்போதும் தண்ணீரில்தான் இருந்தார்கள்.

மத்தியானம் சேச்சி இலை போட்டு, அடைப்பிரதமன் பாயசத்தோடு சாப்பாடு போட்டாள். வெயில் தாழ்ந்ததும் ரோட்டைக் கடந்து கடலுக்குப் போனார்கள். ஜனவரி மாதக் கடல் சாதுவாக இருந்தது. ஷில்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரத்னாபாய் முட்டளவுக்கு நின்றாள், பிறகு இடுப்பளவுக்கு. பெரிய அலை வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து எம்பினார்கள். எம்பும் நேரம் பார்த்து ஷில்பா தன் ஸ்கூல் கதைகளைச் சொன்னாள். பாதி மலையாளம், பாதி தமிழ், பாதி அலைச்சத்தம். இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பேசத் தெரியுமா என்று ரத்னாபாய் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வர்க்கலையில் ஒரு சர்ச்சில் ஆராதனைக்குப் போய்வந்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்த ரத்னாபாய் நடுவில் நிறுத்திவிட்டு, ஷிபினின் போனை வாங்கி, அங்கன்வாடியில் தனக்கு உதவியாக இருக்கும் பொன்செல்வியைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு நான் வரல்லை. சூப்பர்வைசர்ட்ட நான் சொல்லிக்கிடுகேன். பிள்ளைகளுக்கு உப்புமா நீ கிண்டிரு."

"என்ன டீச்சர், சுகமில்லையா?"

"சுகமாத்தான் இரிக்கேன். அதான் வரல்லை."

மடித்து வைத்த துணியை மறுபடியும் வெளியே எடுத்தாள். அறை காலியாக இருக்கிறதா என்று ஷில்பா சேச்சியிடம் கேட்கப் போனாள். எனக்கு ஆபீஸ் இருக்கிறதே என்று ஷிபின் தொடங்கினான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவன் வராந்தாவில் லேப்டாப்பைத் திறந்து வைத்து மீட்டிங்கில் இருந்தான். வேதமாணிக்கம் சட்டைப்பையை இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் படியில் இறங்கினார். ஷில்பா கையை நீட்டி, "அப்பா, ஒருதடவை படுத்துப் பாருங்க" என்றாள்.

"எனக்கு இவ்வளவு மதி மக்களே. நான் இங்கினயே நிக்கேன்" என்று சொல்லி, இடுப்பளவு தண்ணீரில் கைகட்டி நின்றார்.

ரத்னாபாய் மூச்சை இழுத்துக்கொண்டு, யாரும் பிடிக்காமல், பின்னால் சாய்ந்தாள்.