பலகைத் தரை

"மைக்ல கூப்பிடச் சொல்லட்டுமாம்மா?" என்று மகள் கேட்டதும் அம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"நல்லா கேட்டே போ! மைக்ல கூப்பிட்டா அவளுக்கு எப்படிடி கேக்கும்?"

அரசுப் பள்ளி அது. கண் தெரியாத பிள்ளைகளும் காது கேளாத பிள்ளைகளும் ஒரே விடுதியில் படுத்துப் புரண்டு வளர்ந்தார்கள். கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று பழைய பிள்ளைகளைக் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டிருந்தார்கள். இன்றைக்கு விட்டால் குரங்கை இனி எங்கே போய்த் தேடுவது? குரங்கு, அந்நாளில் பக்கத்துக் கட்டில்காரி. காது கேட்காது, கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. இவளுக்குக் கண் தெரியாது; வாய் மட்டும் நீளம். அதனால் பேர் வாயாடி.

சைகை இவளுக்குத் தெரியாது, குரல் அவளுக்குக் கேட்காது. அப்புறம் எப்படிச் சிநேகம்? குரங்கு நகம் கடித்த விரலால் இவள் உள்ளங்கையில் எழுதுவாள். அச்செழுத்தின் உருவமே வாயாடிக்கு அங்கேதான் தெரியவந்தது. அவளைக் கூப்பிட வேண்டுமானால் பலகைத் தரையில் தொம்மென்று மிதிப்பாள். அதிர்வு கட்டில் கால் வழியாக ஏறி எழுப்பிவிடும். குரங்கு ஓடிவந்து கையைப் பிடித்து முதலில் எழுதுவது "கத்தாதேடி" என்றுதான். இவள் வாயையே திறந்திருக்க மாட்டாள்! வயிறு வலிக்க அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று!

பள்ளிப் படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பிய அன்று அப்பா அவசரப்படுத்தினார். வாசலில் நின்று கால் வலிக்க மிதித்தாள். மண் தரை, ஒன்றும் போய்ச் சேரவில்லை. சொல்லாமலே போய்விட்டாள் என்றுதானே அவள் நினைத்திருப்பாள்? அது இத்தனை வருஷமாக முள்ளாய் உறுத்திக்கொண்டிருந்தது.

விடுதியில் இப்போது டைல்ஸ். மிதித்துப் பார்த்தாள், கால்தான் வலித்தது.

"அவங்க எப்படி இருப்பாங்கம்மா? நான் தேடிப் பாக்குறேன்."

என்ன அடையாளம் சொல்வாள்? விரல்தான் தெரியும், முகத்தை எங்கே கண்டாள்!

"பெரிய ஹால்ல இன்னும் பலகைதானா பாரு."

பலகைதான். உள்ளே யாரோ மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். வாயாடி செருப்பைக் கழற்றிவிட்டு ஓங்கி மிதித்தாள். பேச்சு நின்றது.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும். அதுக்குத்தானே மிதிக்கிறேன்."

மறுபடி மிதித்தாள். யாரும் வரவில்லை. முழங்கால் கெஞ்சியது. குரங்கு இன்றைக்கு வரவேயில்லையோ? இன்னும் ஒருதரம் என்று காலைத் தூக்கியபோது எங்கோ நாற்காலி ஒன்று சரிந்து விழுந்தது. பலகை அதிர அதிர யாரோ ஓடிவந்தார்கள். ஒரு கை அவள் கையைப் பறித்து விரித்தது. நகம் கடித்த விரல்.

கத்தாதேடி.

எழுதி முடித்த பிறகும் விரல் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை. அடுத்த எழுத்துக்காக வாயாடி கையை விரித்தபடியே நின்றாள்.