ராஜாவைத் தூக்கில் போடும் அப்புச்சி

பெருமாட்டி கிராமத்தில் ரத்தினசாமி அப்புச்சியிடம் ஒரு ராஜா கதையின் வசன கிராமபோன் ரெக்கார்டு இருந்தது. மொத்தம் மூன்று தட்டு. மூன்றாவதைக் கோபாலபுரத்தில் எவனோ இரவல் வாங்கி ஏப்பம் விட்டுவிட்டான் என்பார். அதனால் கொடுங்கோல் ராஜா பிடிபட்டதும் கதை நின்றுபோகும். மிச்சத்தை அப்புச்சியே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடத்தி, ராஜாவைத் தூக்கில் போட்டு முடிப்பார்.

லீவுக்கு வரும் மகள்வழிப் பேத்தி தமிழ்ப்ரியாவுக்கும் அவள் தம்பி கோகுல்நாத்துக்கும் அந்த மிச்சம் என்றால் உயிர். ஏனென்றால் அந்த வாரம் அப்புச்சி யாரோடு மல்லுக்கு நின்றாரோ, அவர்தான் ராஜா. ஒருநாள் வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிக்கொண்ட பக்கத்துத் தோட்டத்துக்காரர், இன்னொருநாள் பால் தண்ணியாக இருக்கிறது என்ற சொசைட்டிக்காரர். குழம்பில் உப்பில்லை என்று ஒருமுறை பெற்ற மகளையே, அதாவது இவர்களுடைய அம்மா மருதாத்தாளையே, தூக்கில் போட்டார். தூக்கில் தொங்கியவள்தான் அப்புறம் சோறும் போட்டாள்.

பேரப்பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகும் இது நடந்தது. போன பொங்கலில்தான் கெட்டது. "ஏறடா தூக்குமேடை!" என்று அப்புச்சி முழங்கியபோது, புதிதாகக் கட்டிய பல்செட் பறந்துபோய் கோகுல்நாத்தின் காபியில் விழுந்தது. வீடே உருண்டு புரண்டு சிரித்தது. அப்புச்சி சிரிக்கவில்லை. அதிலிருந்து இரண்டு தட்டும் ஓடியதும் முள்ளைத் தூக்கி வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். தமிழ்ப்ரியாதான் கிழவருக்குக் கதையின் முடிவாவது கிடைக்கட்டும் என்று அலையாய் அலைந்து, பொள்ளாச்சியில் ஒரு பழைய சாமான் கடையில் மூன்றாவது தட்டைப் பிடித்துவிட்டாள்.

"அப்புச்சி, கெடச்சிருச்சுங்க!"

சம்பந்தி வீட்டுப் பலகாரத்தில் குறை தேடுவதுபோல் அதைப் பார்த்தார். போட்டுக் கேட்டார்கள். ராஜா அழுதான், மன்னிப்புக் கேட்டான். உடனே எல்லாரும் மன்னித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சப்பென்று முடிந்துவிட்டது.

அப்புச்சி உள்ளே போய், பீரோவிலிருந்து அச்சாக அதே மூன்றாவது தட்டு இன்னொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"எங்கிட்டயே இருக்குது கண்ணு. இப்படி மன்னிச்சு உட்டா எந்தக் கொழந்தை உக்கோந்து கேக்கும்?"

"அப்ப இத்தன வருசமும் பொய்யிங்களா?"

"பொய்யிதான். அத ஊரறிய இழுத்துட்டு வந்தவ ஆரு?"

துண்டை உதறித் தலையில் கட்டினார். இன்றைக்கு யார் ராஜா என்று புரிந்ததும் தமிழ்ப்ரியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்புச்சி பல்செட்டைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"பத்தரமாப் புடி, சாமி. இப்ப ஏறு தூக்குமேடை!"

வாயெல்லாம் பல்லாக அவள் நாற்காலியில் ஏறி நின்றாள்.