நாலாம் நாள் கைவிடும் செல்கள்

அக்கா மகளுக்கு ஆறு வயது. உடம்பில் சேரும் அம்மோனியாவை அகற்றத் தெரியாத ஈரல் அவளுக்கு. சாப்பாட்டில் புரதம் கொஞ்சம் கூடினாலும் மயங்கிவிடுவாள். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தவள்.

அவளுடைய சித்திக்கு உயிரியல் ஆய்வகத்தில் வேலை. குடலில் வாழும் சாதாரண பாக்டீரியாவுக்குள் புது மரபணுக்களைக் கோத்து, மின்சுற்று போல ஒரு சுற்று அமைத்திருந்தாள். அம்மோனியா தட்டுப்பட்டால் சுவிட்ச் விழும். செல் அதை விழுங்கத் தொடங்கும். மூன்று நாள் குடுவையில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். நாலாம் நாள் மொத்தமும் படுத்துவிடும். சோதித்தால், அவள் வைத்த மரபணுக்களையே செல்கள் அறுத்தெறிந்திருக்கும். ஏழு தடவை இப்படி.

ஞாயிறு மதியம் அக்கா வீட்டுக்குப் போனாள். தையல் ஆலையில் மேற்பார்வை பார்க்கும் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"

"என் செல்லுங்க நாலு நாள் தாங்க மாட்டேங்குதுக்கா. வேலைய விட்டுட்டு ஓடுது."

"எவ்வளவு வேலை வாங்குற?"

"சுவிட்ச் விழுந்தா முழு வேகம்தான்."

அக்கா சிரித்துவிட்டாள். "எங்க புது மேனேஜரும் அப்படித்தான் வாங்கினாரு. ஒரே வாரத்துல பாதிப் பேர் நின்னுட்டாங்க."

"பாக்டீரியா மனுஷங்க இல்லக்கா..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். செல் வளர வேண்டிய சத்தையெல்லாம் சுற்றே தின்றுகொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியாததல்ல. குறைத்தால் குழந்தைக்குப் போதாதே என்ற பயத்தில் கை வைக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் பலம் குறைந்த சுவிட்சைப் பொருத்தும் வேலையில் இறங்கினாள். விழுங்கும் வேகம் மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. ஆனால் நாலாம் நாள் சுற்று ஓடியது. பத்தாம் நாளும் ஓடியது. இருபதாம் நாள் கூட்டிப் பார்த்தால், பழைய செல்களைப் போல இரண்டு மடங்கு விழுங்கியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அக்காவுக்குப் போன் செய்தாள்.

"பாப்பாவுக்கு எப்ப குடுக்கலாம்?"

"முதல்ல எலிக்கு. அப்புறம் பெரியவங்களுக்கு. வருஷக்கணக்காகும்க்கா, பொய் சொல்ல மாட்டேன்."

"சரி. அதுவரைக்கும் இவள நான் பாத்துக்கறேன். நீ அதுங்கள பாரு."

போனைப் பிடுங்கியது குழந்தை. "சித்தி, அது எப்பவும் தின்னுட்டே இருக்குமா?"

"ஆமாடி செல்லம். ஆனா மெதுவா."

"அப்ப குண்டுன்னு பேர் வை."

சித்தி பேனாவை எடுத்து, குடுவையில் ஒட்டியிருந்த சீட்டில் பெரிதாக எழுதினாள்: குண்டு.