கொக்கியில் தொங்கிய ஹாஃப் கேஸ்

"இதுக்கு ஒரு ஹாஃப் கேஸ் வேணுங்க. லெதர்ல," என்று சொல்லி, வந்தவர் கேமராவைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

ஹுமேராவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அவளுடைய தோல் சாமான் கடைக்கு பெல்ட்டுக்கு ஓட்டை போடச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். இந்த மாதிரி உசத்தியான கேமராவோடு வருகிறவர்கள் மாதத்துக்கு ஒருவரோ இருவரோ. அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கேமராவை யோசிக்காமல் வாங்கியிருப்பார்கள், அதன் அடிப்பாதியை மூடுகிற தோல் உறைக்கு மட்டும் கல்யாணப் பெண் பார்க்கிற கணக்காக ஆயிரம் நொட்டை சொல்வார்கள். வந்தவர் அப்படித் தெரியவில்லை. நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, மழுமழுவென்று சிரைத்த முகம், ரொம்ப மரியாதையான பேச்சு. வெளியே அவருடைய கார் நின்றது. டிரைவர் சீட்டில் ஒருவன் கடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பேர் சொல்லுங்க சார், பில்லுக்கு."

"கதிரவன்னு போடுங்க."

அளவு பார்ப்பதற்காக அவள் கேமராவைக் கையில் எடுத்தாள். எப்போதும் செய்கிறபடி கட்டைவிரலை அடிப்பக்கத்து விளிம்பில் ஓட்டிக்கொண்டே போனாள். இடது மூலையில் விரல் நின்றது. அங்கே உலோகம் ஓர் அரிசி அளவுக்கு நசுங்கியிருந்தது.

கண் ஏமாறலாம். அவள் விரல் ஏமாறாது. பொம்மிடி ரயில்வே கேட்டில் பைக்கோடு விழுந்து, முழங்கையைப் பற்றிக் கவலைப்படாமல் கேமராவைத் தடவிப் பார்த்து அழுதானே, அவள் தம்பி சோஹைல், அன்றைக்கு விழுந்த நசுங்கல் அது. அந்த மூலை ஆடக் கூடாது என்று அவனுடைய ஹாஃப் கேஸின் உள்ளே மெல்லிய தோல் துண்டு ஒன்றை ஒட்டிக் கொடுத்தவளே அவள்தான்.

சோஹைல் செத்து மூன்று மாதம் ஆகிறது. ஒகேனக்கல்லில் போட்டோ எடுக்கப் போனவன் பாறையில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றார்கள். போலீஸிலும் அப்படியே எழுதி முடித்துவிட்டார்கள். வழுக்கி விழுகிற பையனா அவன்! பரிசல்காரர்களோடு சேர்ந்து அந்தத் தண்ணீரிலேயே குதித்து விளையாடியவன். உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. கேமரா கிடைக்கவில்லை, ஆறு கொண்டுபோய்விட்டது என்றார்கள். ஆறு கொண்டுபோன கேமரா இப்போது ஒரு சொட்டு ஈரம் படாமல் அவள் கையில் இருந்தது.

"என்னங்க, ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்றார் கதிரவன்.

"இல்லீங்க சார். நல்ல கேமரா. அதான் பாத்தேன்."

எப்படித்தான் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததோ! ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். சத்தம் போடலாமா என்று நினைத்தாள். போட்டால் என்ன நடக்கும்? பழைய மார்க்கெட்டில் வாங்கினேன் என்பார், காரில் ஏறிப் போய்விடுவார், அதோடு போயிற்று. அவள் மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது கறுப்புங்க. பேட்டரி மாத்த அடியில திறப்பு இருக்கும், கேஸைக் கழட்ட வேண்டியதில்ல."

"கறுப்பு வேண்டாங்க."

"இது காபி கலர். கைப்பிடிக்காக முன்பக்கம் மேடு வெச்சது. ரொம்ப நேரம் எடுக்கறவங்களுக்கு கை வலிக்காது."

"மேடு வேண்டாங்க."

பச்சை வேண்டாம், சிவப்பு வேண்டாம், கன்றுத் தோல் வேண்டாம், ஆட்டுத் தோல் வேண்டாம். அவர் எதையும் கேமராவில் மாட்டிப் பார்க்கக்கூட இல்லை. ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, கவிழ்த்து, அடித்தோலைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கேஸ் வாங்க வந்தவன் கலரைப் பார்ப்பான், தையலைப் பார்ப்பான், மோந்துகூடப் பார்ப்பான். அடித்தோலை எவன் அமுக்குவான்?

"உங்க கேஸ்ல அடியில கார்டு வெக்க ரகசியமா ஒரு இடம் இருக்கும்னு சொன்னாங்க," என்றார்.

"யாருங்க சொன்னது?"

"ஒரு பையன்."

அடித்தோலுக்கும் உள்துணிக்கும் நடுவில் ஒரு மெமரி கார்டு மட்டும் போகிற மாதிரி பை வைப்பது அவள் கடையின் வழக்கம். யோசனை சோஹைலுடையது. வெளியே பார்த்தால் தெரியாது. வாங்குகிறவர்களுக்கு அவளாகச் சொன்னால்தான் உண்டு.

கதிரவன் கையை நீட்டினார். "அது என்னங்க? அந்தக் கொக்கியில தொங்குதே, தேன் கலர்ல."

அது சோஹைலுடைய கேஸ். சாவதற்கு முதல் நாள் கடைக்கு வந்து, "தையல் விட்டுப்போச்சுக்கா, பொறுமையா பாரு, அவசரமில்ல," என்று கொடுத்துவிட்டுப் போனான். அரூர் பக்கம் காட்டுக்குள்ளிருந்து திருட்டுத்தனமாகக் கல் ஏற்றிப் போகும் லாரிகளை எடுத்திருக்கிறேன் என்று அவன் கிசுகிசுத்ததும் அன்றைக்குத்தான். அவன் போன பிறகு திருப்பிப் பார்த்தாள். ஒரு தையலும் விடவில்லை. விளையாடுகிறான் கழுதை என்று நினைத்துக் கொக்கியில் மாட்டினாள். அவன் செத்த பிறகு அந்தப் படங்களைத் தேடி அவன் ரூமையே தலைகீழாகப் புரட்டினாள், ஒன்றும் கிடைக்கவில்லை. கேஸை மட்டும் தொடவே இல்லை. தொட்டால் அழுகை வந்துவிடும் என்று பயம்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் போனவருடைய துணிமணி, சாமான் எல்லாவற்றையும் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். "எல்லாம் குடுத்தாச்சாடி?" என்று அம்மா அஸ்கரி பேகம் கேட்டபோது, "குடுத்தாச்சும்மா" என்று பொய் சொன்னாள். அம்மா கடைக்கு வந்தாலும் தெரியக் கூடாது என்று விற்கிற மாதிரிகளுக்கு நடுவிலேயே கேஸைத் தொங்கவிட்டாள். கூறு கெட்டவளே, என்று இப்போது தன்னையே திட்டிக்கொண்டாள். அவன் தைக்கவா கொடுத்தான்? ஒளிக்கக் கொடுத்திருக்கிறான்!

"அது சாம்பிளுங்க சார்."

"பரவால்லீங்க. அதுதான் புடிச்சிருக்கு."

மறுத்தால் தெரிந்துவிடும். கழியால் கேஸை எடுத்தாள். எடுத்த கையிலேயே அடித்தோலை அமுக்கினாள். உள்ளே கெட்டியாக, சதுரமாக இருந்தது. அல்லாவே, என்று மனசுக்குள் கத்தினாள். மூன்று மாதமாக அவள் தலைக்கு மேலேயே தொங்கியிருக்கிறது!

"இதுல கேமராவோட சேர்க்கிற ஸ்க்ரூ லூசா இருக்குங்க. அப்படியே குடுத்தா கேமரா கீழ விழுந்துரும். ரெண்டு நிமிசம், ஒட்டிக் குடுத்துர்றேன்."

"இங்கயே பண்ணுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

வேலைப் பலகை மேசைக்குப் பின்னால்தான். அவர் எட்டிப் பார்த்தபடி நின்றார். ஹுமேரா தோல் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவின் மூடியை முழுசாகத் திறந்து, பிரஷ்ஷால் நன்றாகக் கலக்கிவிட்டாள். அவளுக்கு அந்த நெடி பழகிப்போனது. புதுசாக வந்தவர்களுக்குக் கண்ணிலும் மூக்கிலும் ஏறும். கதிரவன் இருமினார். கர்ச்சீப்பை எடுத்தார். கடைசியில் வாசல் பக்கம் திரும்பி நான்கு அடி போனார்.

அந்த நான்கு அடி போதும் அவளுக்கு. கார்டை நகத்தால் நெம்பி எடுத்து மெழுகு டப்பாவுக்குள் போட்டாள். வெட்டி விழுந்த தோல் துண்டுகளில் கார்டு கனத்துக்குச் சரியாக இருந்த ஒன்றைப் பொறுக்கி, இரண்டு வெட்டில் சதுரமாக்கிப் பைக்குள் தள்ளினாள். அவர் திரும்பியபோது அவள் சுத்தியலால் திருகாணியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கேஸைக் கேமராவில் மாட்டிக் கொடுத்தாள். இடது மூலை இம்மியும் ஆடாமல் உட்கார்ந்தது. அதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. அவர் கட்டைவிரலால் அடியை அமுக்கினார். கெட்டியாக இருந்திருக்கும். முகம் மலர்ந்தது.

"நல்லா தைக்கிறீங்க. கேள்விப்பட்டது சரிதான்," என்றார். பணத்தை வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

கார் திரும்பியதும் அவள் ஷட்டரைப் பாதி இறக்கினாள். கேஸ்களை இன்ஸ்டாகிராமில் போடுவதற்காக வைத்திருந்த கார்டு ரீடரைப் போனில் செருகினாள். அறுபத்து மூன்று படங்கள். காட்டுப் பாதையில் லாரிகள், தார்ப்பாய்க்கு அடியில் கறுப்புக் கற்கள், நம்பர் பிளேட்டுகள். கடைசி ஏழு படங்களில் லாரிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை. மழுமழு முகம். கடைசிப் படத்தில் அந்த முகம் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அழக்கூட நேரமில்லை. கூடப் படித்தவள் வெண்மதி சேலத்தில் வக்கீலாக இருக்கிறாள். அவளுக்கு எல்லாப் படங்களையும் வாட்ஸப்பில் அனுப்பினாள். சிக்னல் நத்தை வேகத்தில் நகர்ந்தது. ஒவ்வொரு படமும் போய்ச் சேருகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. முழுசாகப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு நீலக் கோடு விழுந்தது. 'பார்த்துட்டேன். கேஸ் போடறதுக்கு முன்னாடி பேப்பர்காரங்களுக்கும் அனுப்பிட்டேன். இனிமே யாரும் அமுக்க முடியாது' என்று வெண்மதி எழுதியிருந்தாள்.

ஜெயித்துவிட்டோம்டா தம்பி என்று சொல்லிக்கொண்டே பொம்மிடியில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டாள். எடுத்த எடுப்பில் உண்மையைக் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது.

"அம்மா, உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். சோஹைலோட கேஸை நான் யாருக்கும் குடுக்கல."

"தெரியும்டி," என்றாள் அஸ்கரி பேகம். "கடைக்கு வரும்போதெல்லாம் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். பெத்தவளுக்குத் தெரியாதா? உனக்காச்சும் ஒண்ணு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அம்மா பேசிக்கொண்டே போனாள்.

"காலைல அவன் பிரண்டு ஒருத்தரு வூட்டுக்கு வந்தாரு. ரொம்ப மரியாதையான மனுசன். அவன் ஞாபகமா ஏதாச்சும் இருந்தா வெச்சுக்கறேன்னு கேட்டாரு. கேமரா கேஸு உன் கடைக் கொக்கியில தொங்குது, போய் வாங்கிக்குங்கன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன். வந்தாராடி?"

ஹுமேரா மணியைப் பார்த்தாள். அவர் கிளம்பிப் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. காரில் பொம்மிடிக்கு அவ்வளவு நேரம்கூட ஆகாது.

"ராத்திரி சாப்பிட வரச் சொல்லியிருந்தேன். பிரியாணிக்கு அரிசி ஊற வெச்சிருக்கேன். இந்தா, வாசல்ல கார் சத்தம் கேக்குது. சீக்கிரமாவே வந்துட்டாரு போல."

"அம்மா, கதவைத் தொறக்காத! அம்மா!"

அதற்குள் அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு நடந்துபோகும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. "வாங்க தம்பி, உக்காருங்க." பிறகு செருப்புச் சத்தம், ஒருவருடையது இல்லை. போனை யாரோ எடுத்தார்கள்.

"ஹுமேராங்களா? கேஸு நல்லா இருக்குங்க. உள்ள வெறும் தோல்துண்டுதான் இருக்கு. கார்டை எடுத்துக்கிட்டு நீங்களே வந்துருங்க. அம்மா சமைக்கிறாங்க, சேந்து சாப்பிடலாம்." குரல் அதே மரியாதையோடு இருந்தது. "ஒண்ணு மட்டும் கேக்கறேன். படத்தை யாருக்கும் அனுப்பிடலீங்களே?"

அவருக்குப் பின்னால் அம்மா பாத்திரம் உருட்டுவது கேட்டது. டீயா, காபியா என்று சமையலறையிலிருந்து சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க," என்றாள் ஹுமேரா.