கூரையைப் பற்றிய வரி

கணவர் சைலஸை அடக்கம் செய்த அடுத்த ஞாயிறு, வழிபாட்டுக் கூட்டத்துக்குப் புதிதாக வந்த ஒருவன் வாசலில் ஆல்மாவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். "வணக்கம், மிஸஸ் பென்ரோஸ்" என்றான்.

அங்கே யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மௌனமாக உட்கார்ந்து வழிபடும் குவேக்கர் கிறிஸ்தவர்களிடம் மிஸ்டரும் கிடையாது, மிஸஸும் கிடையாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகூடத் தொண்ணூறு வயதுக்காரரை வெறும் பேர் சொல்லித்தான் கூப்பிடும். அப்படியிருக்க, ஊருக்கே புதியவனான இவனுக்கு அவள் குடும்பப் பெயரைச் சொன்னது யார்? துக்கத்தில் மரத்துப் போயிருந்த மனம் அந்த ஒன்றை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டது.

பெயர் டேரல் கோவாச் என்றான். வாராவாரம் வந்தான். வண்டியை எப்போதும் சாலையைப் பார்த்தபடி நிறுத்துவான். கதவோரம் உட்காருவான். எல்லோரும் கண்மூடி மௌனத்தில் இருக்கும்போது அவன் மட்டும் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? இரண்டு வருடத்துக்கு முன், பேர் சொல்ல விரும்பாத யாரோ கொடுத்த பணத்தில் போட்ட புதுக் கூரை. ஒரு ஒட்டடைகூட இல்லை.

"அவன் எரிவாயுக் கம்பெனி ஆளு, வின்னி" என்றாள் ஆல்மா, சூப் பாத்திரம் கழுவும்போது.

பக்கத்தில் நின்ற தோழி வினிஃபிரட் கோப் சிரித்தாள். "அப்படின்னா பாவம்டி அவன். ஒரு மணி நேரம் நாம மூச்சு விடறதக் கேட்டுட்டு, போய் என்னன்னு எழுதுவான்?"

"சிரிக்காத. ஹாரிஸ்பர்க்குக்கு யார் போறாங்கன்னு டோபியாஸ்கிட்ட கேட்டிருக்கான்."

"நானுந்தான் கேட்டேன். என்னையும் சந்தேகப்படு."

ஓடைக்கு மேலே, எரிவாயுவை அழுத்திக் குழாயில் தள்ளும் நிலையம் ஒன்று கட்டக் கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. ஏற்கெனவே கீழ்த்தெருவில் மூன்று வீட்டுக் கிணறுகளில் தண்ணீர் கெட்டுப்போயிருந்தது. செவ்வாய்க்கிழமை மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் சட்டசபைக் குழு விசாரணை. கூட்டத்தின் தீர்மானத்தை அதன் உறுப்பினன் டோபியாஸ் அங்கே வாசிக்க வேண்டும். கூட்டத்தை நடத்துவதும், எல்லோர் மனமும் சேர்ந்த இடத்தைத் தீர்மானமாக எழுதுவதும் அந்த வருடம் ஆல்மாவின் பொறுப்பு.

அதற்கு முந்தின ஞாயிறு வழிபாடு முடிந்ததும் உட்கார்ந்து எழுதினாள். கடைசி வரி டோபியாஸ் கேட்டுக்கொண்டது: "எங்களில் எவரும், எங்கள் கூட்டமும், எரிவாயுக் குத்தகைப் பணத்தில் ஒரு காசும் தொட்டதில்லை." போன விசாரணையில் பக்கத்து ஊர்க்காரர்களிடம் குழு முதலில் கேட்டதே அதைத்தான்: எரிவாயு எடுக்க நிலத்தைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுப் பணம் வாங்கினீர்களா என்று. அவர்கள் திருதிருவென்று விழித்திருக்கிறார்கள்.

"நாம கோர்ட்டுலகூட சத்தியம் பண்றதில்ல. நாம சொன்னா சொன்னதுதான்னு அங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு வரி போதும்" என்றான் டோபியாஸ்.

ஆல்மா எழுந்து வாசித்தாள். "ஒப்புகிறேன்" என்றது ஒரு குரல். இன்னொன்று. வினிஃபிரட்டும் சொன்னாள். அங்கே கை தூக்கி எண்ணும் வழக்கமில்லை. ஒரே ஒருவர் மனம் ஒப்பாவிட்டாலும் பேனா நின்றுவிடும்.

கதவோரம் கோவாச் எழுந்தான்.

"எனக்கு மனசு ஒப்பல."

"எதுல?"

"கடைசி வரில."

"ஏன்?"

"அதச் சொல்ல முடியாது, மிஸஸ் பென்ரோஸ்."

டோபியாஸின் கழுத்து சிவந்தது. "இவர் உறுப்பினரே இல்ல. வந்து எட்டு மாசம் ஆகல. செவ்வாய்க்கிழமை தாண்டற வரைக்கும் நம்மள இழுத்தடிக்கணும், அதான் விஷயம். எழுது ஆல்மா!"

எழுதியிருக்கலாம். வெளியாளின் சொல்லுக்கு எவ்வளவு எடை என்று முடிவு செய்வது அவள்தான். ஆனால் காரணம் சொல்லாமல் ஒருவர் குறுக்கே நின்றால், அந்தக் காரணத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்று பிறரிடம் பத்து தடவை சொன்னவளும் அவள்தான். காப்பி குடித்துவிட்டு வரலாம் என்று கூட்டத்தைக் கலைத்தாள். கோவாச்சைப் பார்த்து, "கொஞ்சம் வெளிய வாங்க" என்றாள்.

பழைய குதிரைக் கொட்டகையில் இப்போது கார்கள் நின்றன. அவன் வண்டியருகே போய் நின்றாள்.

"என் குடும்பப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் தொப்பியைக் கையில் சுழற்றினான். "உங்க வீட்டுக்காரர் குத்தகைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டப்ப எதிர்ல நான் இருந்தேன். கம்பெனிக்காக நிலம் பேசி முடிக்கறதுதான் என் வேலை."

"பொய்."

"மேட்டுக் காடு. அவரும் அவர் தங்கச்சியும் சேந்து வெச்சிருந்தது."

அந்தக் காடு சைலஸ் போன பிறகு ஒஹையோவில் இருக்கும் தங்கைக்கே போய்விட்டது. ஆல்மா அதைக் கேட்டதும் இல்லை, கேட்கத் தோன்றியதும் இல்லை. ஆனால் நிலத்தின் விவரம் யாருக்கு வேண்டுமானாலும் தெரியும். கம்பெனிக்காரனுக்கு நன்றாகவே தெரியும்.

"சைலஸுக்குப் பணம் எதுக்கு? ஒரே குளிர்கோட்ட இருபது வருஷம் போட்டுக்கிட்ட மனுஷன்."

கோவாச் மண்டபத்தின் பக்கம் தலையை அசைத்தான். "கூரைக்கு."

ஆல்மா அந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, குவேக்கரா இருந்துட்டு இப்படிப் பண்றீங்களேன்னு நானே கேட்டேன். 'கடவுள் பேசுவார்னு உக்காந்திருக்கோம், பாதிப் பேருக்குக் கூரை ஒழுகி வாளில சொட்டற சத்தம்தான் கேக்குது'ன்னார். உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். 'ஆல்மாகிட்ட சொன்னா ஓட்டையே இருக்கட்டும்னு சொல்லுவா'ன்னார்."

அவள் வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டாள். வாளியைப் பற்றிய அந்தக் கேலியைச் சைலஸ் படுக்கையில் படுத்துக்கொண்டு சொல்வார். வேறெங்கும் சொல்லி அவள் கேட்டதில்லை. அவர் போனபின் அந்தக் குரலைக் கேட்பது இதுதான் முதல் முறை. அதுவும் இவன் வாயிலிருந்து.

"கம்பெனி உங்கள இங்க அனுப்பிச்சுதா?"

"முதல் ரெண்டு வாரம், ஆமா. என்ன பேசறாங்கன்னு கேட்டாங்க. ஒண்ணுமே பேசலன்னேன். என்னை நம்பல."

"அப்புறம்?"

"அப்புறம் நானாத்தான் வந்தேன்."

"ஏன்?"

"தெரியல, மிஸஸ் பென்ரோஸ். இந்த ஒரு மணி நேரந்தான் என்கிட்ட யாரும் எதையும் கேக்கறதில்ல." குரலைத் தாழ்த்தினான். "அந்த வரிய மட்டும் அடிச்சிடுங்க. ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அவர் பேரு அப்படியே இருக்கட்டும்."

அந்த இரக்கம்தான் அவளை மீண்டும் உஷாராக்கியது. வரியை அடித்தால் சைலஸின் பெயர் தப்பும். ஆனால் அந்த விஷயத்தின் பிடி என்றைக்கும் இவன் கையில் இருக்கும். செவ்வாய்க்கிழமை டோபியாஸ் வாசித்து முடித்ததும், எதிர்வரிசையில் ஒருவர் எழுந்து, "உங்கள் கூரை யார் போட்டது?" என்று கேட்டால்? அதற்காகவே இவன் அடிக்கச் சொல்கிறானா? அல்லது செத்தவருக்காகவா? அவன் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தும் தெரியவில்லை.

உள்ளே போனாள். காப்பிக் கோப்பைகள் கீழே வைக்கப்படும் சத்தம் அடங்கும் வரை நின்றாள்.

"இந்தக் கூரைக்குப் பணம் குடுத்தது சைலஸ். அது குத்தகைப் பணம். இப்பதான் எனக்குத் தெரிஞ்சுது."

யாரோ ஒருவர் மேலே பார்த்தார். பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

டோபியாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அங்க சிரிப்பாங்க, ஆல்மா. மொத்தமாச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கிணறு மூணும் கெட்டது கெட்டதுதானே?"

"சரி... 'எங்களில் ஒருவர்'னு போடேன். பேரு எதுக்கு?"

அவளுக்கும் அதுதான் ஆசை. பேனாவை எடுத்து அப்படியே எழுதவும் ஆரம்பித்தாள். 'எங்களில்' என்ற இடத்தில் கை நின்றது. அந்த ஒருவர் யார் என்று சொல்லும் வேலையைக் கம்பெனிக்கு விடுவதா? அடித்துவிட்டு எழுதினாள். எழுதியதை வாசித்தாள்:

"நாங்கள் கூடும் மண்டபத்தின் கூரை, எங்கள் உறுப்பினர் சைலஸ் பென்ரோஸ் பெற்ற குத்தகைப் பணத்தில் போடப்பட்டது. தெரியாமல் அதன்கீழ் உட்கார்ந்திருந்தோம். தெரிந்துகொண்டு சொல்கிறோம்: இந்த நிலையம் வேண்டாம்."

வினிஃபிரட்தான் முதலில். "ஒப்புகிறேன்." பிறகு மெல்ல மற்றவர்கள். உறுப்பினர்களில் கடைசியாக டோபியாஸ் சொன்னான், தரையைப் பார்த்தபடி.

ஆல்மா கதவோரம் திரும்பினாள்.

"எனக்கு ஒப்புதல், மிஸஸ் பென்ரோஸ்" என்றான் கோவாச்.

"ஆல்மா" என்றாள் அவள், தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

எல்லோரும் கலைந்தபின் அவளும் வினிஃபிரட்டும் ஜன்னல்களைச் சாத்தினார்கள். கொட்டகையில் கோவாச்சின் வண்டி இன்னும் நின்றது. உள்ளே அவன் காதில் தொலைபேசி. ஏதோ வேகமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"யாருகிட்டடி பேசறான்?" என்றாள் வினிஃபிரட். அவள் இப்போது சிரிக்கவில்லை.

"தெரியல."

"போய்க் கேட்டுட்டு வரவா?"

ஆல்மா கொக்கியை மாட்டினாள். "பேசட்டும் வின்னி. எதச் சொன்னாலும் செவ்வாய்க்கிழமை டோபியாஸ் வாசிக்கப் போறதுதானே."

ஆனாலும் அந்த வண்டி கிளம்பும் வரை அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை.