நூற்று இருபத்து மூன்று வருடம் பெஞ்சில்

வின்னி கஹில் அந்தச் சனிக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்குக்கு வந்தது படிப்பதற்காக அல்ல, ஒரு கையெழுத்துக்காக.

திங்கட்கிழமை ஐரோப்பிய வரலாற்றுப் பரீட்சை. பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டே கல்லூரித் தரத்தில் எழுதுகிற பரீட்சை; ஐந்துக்கு மூன்று மதிப்பெண்ணாவது வாங்கினால்தான் மானம் தப்பும். மாதிரிப் பரீட்சையில் அவள் வாங்கியது இரண்டு. விடைத்தாளின் ஓரம் முழுக்க வரலாற்று ஆசிரியர் மிஸ்டர் காஸ்டிகன் சிவப்பு மையில் 'ஏன்?', 'ஏன்?' என்று எழுதித் தள்ளியிருந்தார். என்ன நடந்தது, எந்த வருடம் நடந்தது என்று கேட்டால் வின்னி தூக்கத்தில்கூடச் சொல்வாள். ஏன் நடந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். அவமானம் போதும் என்று, 'பரீட்சை எழுதவில்லை' என்ற படிவத்தை நிரப்பி, நோட்டுப் புத்தகம்கூட இல்லாமல் அந்த ஒற்றைத் தாளோடு கிளம்பி வந்துவிட்டாள். பன்னிரண்டு மணிக்குள் ஆசிரியரின் கையெழுத்தோடு அது ஆபீசில் சேர வேண்டும்.

மிஸ்டர் காஸ்டிகன் தரையில் மண்டியிட்டு மஞ்சள் டேப்பால் ஐரோப்பா வரைபடம் ஒட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் இத்தாலியை முடித்திருந்தார்.

"போடறேன், போடறேன். இந்த வரைபட ஆட்டம் முடியட்டும். பதினோரு பேர் இருந்தாத்தான் ஐரோப்பா நிக்கும். நீயும் போயிட்டா ஒரு நாடு அநாதையா கிடக்கும்."

"முடிஞ்சதும் கண்டிப்பா போடுவீங்களா?"

"சத்தியமா. பேனா சட்டைப் பையிலதான் இருக்கு."

வருடா வருடம் பரீட்சைக்கு முந்தைய சனிக்கிழமை நடக்கிற கூத்துதான் இது. அரங்கின் தரை முழுக்க ஐரோப்பா. சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு நாடு, தலைக்கொரு தாள் கிரீடம். மிஸ்டர் காஸ்டிகன் 1648இல் ஆரம்பித்து அரை நிமிடத்துக்கு ஒரு வருடமாகக் கூவிக்கொண்டே போவார். அவரவர் நாடு செய்ததை அவரவர் செய்ய வேண்டும். நாட்டைப் பறிகொடுத்தவர் ஓரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, தரையில் நடக்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுத வேண்டும். பெற்றோர்கள் கொண்டுவந்து வைத்த டோனட் பெட்டிகளும் அந்தப் பெஞ்சில்தான் இருந்தன.

வின்னி சீட்டைப் பிரித்தாள். போலந்து.

"அடிச்சுதுடி யோகம்! சீக்கிரமே பெஞ்சுக்குப் போயிடுவ, டோனட் பூரா உனக்குத்தான்," என்றான் டெரன்ஸ். அவளுக்குக் கிழக்கே அவன், ரஷ்யா. மூன்று பேர் படுத்து உருளலாம் போன்ற இடம் அவனுக்கு.

மேற்கே மார்லீன், பின்னாளில் ஜெர்மனி ஆகப்போகிற பிரஷ்யா. தெற்கே காஸ்மிர் ஸீலின்ஸ்கி, ஆஸ்திரியா. போலந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த பஃபலோ நகரத்தில், ஸீலின்ஸ்கி என்று போலந்துப் பெயர் வைத்துக்கொண்டு போலந்தைப் பங்கு போடுவது லேசுப்பட்ட காரியமல்ல.

"1772!"

விசில் ஒலித்தது. மூன்று பேரும் குனிந்து அவளுடைய டேப்பை உரித்தார்கள். அடுத்தவன் நிலத்தைப் பிடுங்கும்போது பெரிய மனிதர்கள் முகத்தில் ஒரு கண்ணியம் வந்து உட்காருமே, அது மார்லீன் முகத்தில் அப்படியே இருந்தது.

"சாரிடி வின்னி," என்றான் காஸ்மிர். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா எனக்கு இனிமே வீட்ல பியரோகி கொழுக்கட்டை கிடையாது."

"அப்ப எடுக்காதடா."

"எடுக்கலன்னா மார்க்கு போயிடுமே!"

1793இல் அவள் ஒற்றைக் காலில் நின்றாள். 1795இல் அந்த இடமும் போயிற்று. டெரன்ஸ் அவள் கிரீடத்தைக் கழற்றித் தன் கிரீடத்தின் மேல் மாட்டிக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டில்கூடத் தன்னால் ஒரு நாட்டைக் கட்டிக் காக்க முடியவில்லையே என்று வின்னிக்கு வெட்கமாக இருந்தது.

"பெஞ்சுக்குப் போ. 1918ல பார்ப்போம்," என்றார் மிஸ்டர் காஸ்டிகன். "எழுதணும், ஞாபகமிருக்கட்டும்."

நூற்று இருபத்து மூன்று வருடம். அரை நிமிடக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். எழுதத் தாள் இல்லை. கையில் இருந்த படிவத்தையே திருப்பிப் போட்டாள்.

முதல் பத்து வருடம் டோனட் தின்பதில் போயிற்று. 1807இல் நெப்போலியனின் பிரான்ஸ் அவளைக் கூப்பிட்டு, ஒரு கால் வைக்கிற அளவுக்கு இடம் கொடுத்தது. ஆசையாகப் போய் நின்றாள். நாலே நிமிடம். 1815இல் மறுபடி துரத்திவிட்டார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தாள். பிரான்ஸ் பக்கம் கொஞ்சம் சலசலப்பு வந்தாலும் போதும், கிழக்கே இந்த மூன்று பேரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டார்கள். 1830இல் ஒட்டினார்கள். 1848இலும் ஒட்டினார்கள். ஒருத்தன் நகர்ந்தாலும் மற்றவன் வாயில் இருக்கிற போலந்துத் துண்டு கீழே விழுந்துவிடும் என்ற பயம். அதை எழுதினாள்.

1866இல் மார்லீன் காஸ்மிரை இடுப்பால் ஓர் இடி இடித்தாள். ஜெர்மனி விவகாரத்தில் இனி உனக்கு வேலை இல்லை என்று அர்த்தம். காஸ்மிர் தெற்கே நகர்ந்தான். அங்கே பால்கன் நாடுகள் பக்கம் ஏற்கெனவே நீண்டிருந்த டெரன்ஸின் காலை நறுக்கென்று மிதித்தான்.

"டேய், கண்ணு தெரியல?"

"அவதான்டா தள்ளினா!"

வின்னி நிமிர்ந்து உட்கார்ந்தாள். டோனட்டைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு அவள் பேனா நிற்கவே இல்லை. மார்லீன் காஸ்மிரோடு கைகோத்ததையும், டெரன்ஸைக் கழற்றிவிட்டதையும், அவன் கோபித்துக்கொண்டு அரங்கின் அந்தக் கோடிவரை கையை நீட்டிப் பிரான்ஸைப் பிடித்ததையும் எழுதினாள். எழுத்து பொடிப்பொடியாகி, தாளின் ஓரத்தில் ஏறி, மூலையில் திரும்பியது. கடைசியில் என்ன ஆகும் என்று அவளுக்கு முன்பே தெரியும், தேதியோடு தெரியும். ஆனால் அது இப்படி ஒவ்வொரு அடியாக நடந்து வருவதை இன்றுதான் பார்த்தாள். உள்ளுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம்.

"1918! நிறுத்துங்க." மிஸ்டர் காஸ்டிகன் மூன்று பேரின் கிரீடங்களையும் பிடுங்கிக்கொண்டார். "மூணு பேரும் சேர்ந்து போலந்த ஏப்பம் விட்டாங்க. அப்புறம் முதல் உலகப் போர்ல எதிரெதிர் பக்கம் நின்னு சண்ட போட்டாங்க. யாராவது ஒருத்தர் ஜெயிச்சிருக்கணும்ல? மூணு பேருமே காலி. போலந்து திரும்பி வருது. ஏன்?"

டெரன்ஸ் காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஏன்னா, என்னை வெளிய வச்சிருந்ததே அவங்க சிநேகிதம்தான்," என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். வின்னி தாளைப் பார்க்காமலே பேசினாள்.

"மூணு பேரும் ஒண்ணா இருக்கற வரைக்கும் என்னால உள்ள வர முடியாது. மார்லீன் காஸ்மிரத் தள்ளினா. அவன் டெரன்ஸ் கால மிதிச்சான். சிநேகிதம் அங்கயே விட்டுப்போச்சு. சண்டைன்னு வந்ததும் மூணு பேருக்கும் எங்க ஆளுங்க சிப்பாயா வேணும். உடனே போட்டி போட்டுக்கிட்டு எங்களுக்கு வாக்குக் குடுக்கறாங்க. அப்புறம் மூணு பேருமே உடைஞ்சு போனாங்க, தடுக்க ஆளில்ல."

"இவ எப்படி இதெல்லாம்..." என்றான் டெரன்ஸ். "நாங்க உள்ளயே நின்னோம், எங்களுக்குத் தெரியலயே!"

"உள்ள நின்னா காலுதான்டா வலிக்கும்," என்று சொல்லிக்கொண்டே வின்னி தன் இடத்துக்குள் குதித்தாள். ஆஸ்திரியப் பேரரசு கலைந்துபோனதால் காஸ்மிர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியேறினான். "பெஞ்சுக்குப் போ காஸ்மிர். அங்கேருந்து நல்லாத் தெரியும். சாக்லேட் டோனட் ஒண்ணு மிச்சம் வச்சிருக்கேன்."

ஜெர்மனியும் ரஷ்யாவும் போலந்தை மறுபடி பங்கு போட்டுக்கொண்ட 1939 வந்தபோது மிஸ்டர் காஸ்டிகன் விசில் ஊதவில்லை. வருடத்தை மட்டும் மெதுவாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, டேப்பில் கை வைக்கவும் இல்லை. வின்னி தானாகவே நடந்துபோய்க் காஸ்மிர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எல்லாம் முடிந்தபோது மணி பதினொன்றரை. மிஸ்டர் காஸ்டிகன் சொன்ன சொல் தவறாமல் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தார்.

"குடு, போட்டுடறேன். ஆபீஸ் இன்னும் திறந்துதான் இருக்கு."

வின்னி தாளைப் பார்த்தாள். ஒரு பக்கம் அவள் பெயரும், கையெழுத்துக்கான வெற்றுக் கோடும். மறுபக்கம் டோனட் எண்ணெய் படிந்த நூற்று இருபத்து மூன்று வருடம். அதை நாலாக மடித்தாள்.

"இது குடுக்கறதுக்கு இல்ல மிஸ்டர் காஸ்டிகன்," என்றாள். "திங்கட்கிழமை பரீட்சை இருக்கு. இதத்தான் படிக்கணும்."