ஒண்ணுமில்ல

நடைமேம்பாலம் இடிந்து விழுந்த வாரத்திலிருந்து இரும்பு வெட்டுகிறவன் வீட்டில் சாமான்கள் காணாமல் போயின. திருட்டு இல்லை, தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் விழுந்த பாலம் அது. செருப்பு வார் அறுந்து பின்தங்கியதால் அவன் மகள் பிழைத்தாள். அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள் முன்னால் போய்விட்டாள். கம்பிகளை கேஸ் வைத்து அறுத்துப் பிள்ளைகளை வெளியே எடுத்தவர்களில் அவனும் ஒருவன். கரி படிந்த முகத்தோடு வீடு வந்தவனிடம் மகள், "அங்க என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லடா" என்றான். அடுப்படியில் ஒரு கரண்டி இல்லாமல் போனது.

அம்மா ஏன் அழுகிறாள் என்று கேட்டாள். அவளும் ஒண்ணுமில்ல என்றாள், நாற்காலி போனது. ஆறுதல் சொல்ல வந்த சித்தப்பா ஒரே மூச்சில் நாலு தடவை சொன்னார், பீரோவே போனது. "உங்க வீட்டு எலி பீரோவையே தூக்கிட்டுப் போகுதாமே, அதுக்கு என்னக்கா போடுறீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். காரணம் புருஷன் பெண்டாட்டிக்குத் தெரியும். ஆனாலும் வாய் பழகின வழியிலேயே போனது. அடிபட்டால் துடைத்துக்கொண்டு மூட்டையைத் தூக்கு என்று வளர்ந்தவர்கள். வேறு என்ன சொல்வதென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஒரு மத்தியானம் மகள் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, எங்க வலிக்குது?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல."

இடது கைச் சுண்டுவிரல் போய்விட்டது. ரத்தம் இல்லை. அந்த இடம் உள்ளங்கை மாதிரி வழவழப்பாக இருந்தது.

அப்பன் வெறுந்தரையில் அவள் எதிரே உட்கார்ந்தான். "உன் கூட்டாளி செத்துட்டாடா. நான்தான் வெளிய எடுத்தேன்."

"கனமா இருந்தாளா?"

"இல்லடா. உன் அளவுதான்."

"உனக்குப் பயமா இருந்துச்சா?"

"இப்பவும் இருக்கு."

சோற்றைத் துப்பிவிட்டு, பாலம் விழுந்த பிறகு முதல் தடவையாக அவள் அழுதாள். மூன்று பேரும் அழுதார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதுவும் காணாமல் போகவில்லை. போனது திரும்பவும் இல்லை. நாற்காலியும் பீரோவும் மெல்ல வாங்கிக்கொண்டார்கள்.

மகள் வளர்ந்து, பஸ் ஓட்டக் கற்று, வேலைக்கும் போய்விட்டாள். விரல் எங்கே என்று கேட்கிறவர்களிடம், "பாலம் விழுந்தப்ப போச்சு" என்பாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு டிக்கெட் எடுப்பார்கள். அப்பன் அந்த வண்டியில் வரும்போது மட்டும், இல்லை, அதற்குக் கொஞ்ச நாள் கழித்துப் போனது என்று அவனுக்கு வாய்வரை வரும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.